'உஸ்' என்ற சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள்

கடைத் தராசு கொஞ்சம் பிசகினாலும் நமக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கடைக்குச் சரக்குக் கொண்டுவரும் வேன் புதுச் சத்தம் போட்டால், "ஓடும் மட்டும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படி இருந்தவன்தான்.

2012ஆம் ஆண்டு, வெலிமடையில் மரக்கறி ஏற்றிய எங்கள் பழைய டீசல் வேன் அன்றிரவே கொழும்புக்கு இறங்க வேண்டியிருந்தது. சாரதி வந்து, "முதலாளி, எஞ்சின் ஓடும்போது 'உஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்கிறது. பிரேக்கும் இறுக்கமாக இருக்கிறது" என்றார்.

"லோடை இறக்கிவிட்டு வந்து பார்ப்போம்" என்றேன். விடியுமுன் சந்தைக்குப் போகாவிட்டால் விலை விழுந்துவிடுமே என்பதுதான் என் கவலை. அவரோ சாவியை மேசையில் வைத்துவிட்டு, "ஹப்புத்தளையிலிருந்து பெரகலை வரை இறக்கம். இந்தப் பிரேக்கோடு நான் போகமாட்டேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது உண்மை.

முதலில் காட்டிய கராஜில், பிரேக் பூஸ்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் கேட்காமல் வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை ஐந்தாறு தரம் மிதித்தார். மிதித்த காலை எடுக்காமல் மீண்டும் ஸ்டார்ட் செய்தார். பிரேக் நல்ல நிலையில் இருந்தால் பெடல் அப்போது சற்றுக் கீழே இறங்கும். எங்கள் வேனில் இறங்கவே இல்லை.

பின்னர் ஒரு துண்டுக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை எஞ்சின் பக்கம் நகர்த்திக்கொண்டே போனார். பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் நசுக்கியதும் சத்தம் நின்றது. கிளிப் அடியில் வெடிப்பு! பூஸ்டரில் ஒரு குறையுமில்லை.

அந்தக் குழாய் வழியாகத்தான் காற்று உறிஞ்சப்பட்டு பிரேக்குக்கு உதவி கிடைக்கிறது. அது கசிந்தால் பிரேக் அடியோடு போய்விடாது. ஆனால் பல மடங்கு பலமாக மிதிக்க வேண்டும். லோடுடன் இறக்கத்தில் அது போதுமா? சாதாரண தண்ணீர்க் குழாயைப் போட்டுச் சமாளிக்கவும் கூடாது. உறிஞ்சும்போது அது ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றுள்ள குழாயையே வாங்குங்கள்.

'உஸ்' சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது:

* பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும் வரை கேட்டால், பூஸ்டரைச் சோதியுங்கள்.
* பெற்றோல் வாகனம் நின்ற இடத்தில் உதறி, சத்தமும் வந்தால், எஞ்சினுக்குக் காற்றுப் போகும் பக்கத்தில் கசிவு இருக்கலாம்.
* நிறுத்திய பின் ஆவியோடு வந்தால் றேடியேட்டர். சூடு ஆறுமுன் மூடியைத் திறக்கவே வேண்டாம். கொதிநீர் முகத்தில் பாயும்.
* டயர்ப் பக்கம் கேட்டால் வால்வில் சவர்க்கார நீர் தடவுங்கள். குமிழி காட்டிக்கொடுக்கும்.
* ஏஸி போட்ட வாகனத்தை நிறுத்தியதும் சில விநாடி கேட்டு அடங்கினால் பயமில்லை.

அன்றைய சந்தை தவறியது, மரக்கறியில் நட்டம்தான். ஆனால் குழாய்க்குப் போன காசு பெரிதல்ல. அல்லாஹ் காப்பாற்றினான், அந்தச் சாரதியின் பிடிவாதத்தைக் கொண்டு. ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல் என்று மேடையில் கேட்டுத் தலையாட்டும் நாம், சாரதி குறை சொல்லும்போது "பிறகு பார்ப்போம்" என்கிறோம். வேனில் போவது நமது சரக்கு மட்டுமல்ல. இன்னொரு வீட்டின் வாப்பாவும்தான்.