குஞ்சுகளுக்குக் கரையான் தீவனம்

நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு முதல் எட்டு வாரங்களில் தீவனத்தில் சுமார் 20 சதம் புரதம் தேவை. நொய்யும் கம்பும் மட்டும் போட்டால் ஏறக்குறைய அதில் பாதிதான் கிடைக்கும். குஞ்சு தேறாது, இறகும் சரிவர முளைக்காது. இக்குறையை அதிகச் செலவின்றி ஈடுகட்டக் கரையான் உதவும்.

பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, மரப்பட்டை ஆகியவற்றை இட்டு நீர் தெளிக்கவும். கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைக்கவும். செம்மண் பூமியில் நிறையச் சேரும். மறுநாள் வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுகள் முன் தட்டவேண்டும். தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

குஞ்சுகளின் குணம் வேடிக்கையானது. காலடியில் குவியலே கிடந்தாலும் ஒரு குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடும். மற்றவை குவியலை விட்டு அதையே துரத்தும். இந்தப் போட்டியில் நோஞ்சான் குஞ்சு பட்டினி கிடக்கும். ஆகவே ஓரிடத்தில் கொட்டாமல் நாலைந்து இடங்களில் பரப்பிப் போடவும்.

பூச்சிமருந்து இட்ட வீடு, தோப்பு அருகே பானை வைக்கக்கூடாது. மருந்து பட்ட கரையானைத் தின்ற குஞ்சுகள் மடிய நேரிடும். கரையான் துணைத் தீவனமே. தானியம், கீரை, சுத்தமான தண்ணீர் ஆகியவற்றைக் குறைக்கவேண்டாம்.