எந்த நேரத்து இடம்?

1996 மே மாதத்தில் இலங்கையின் நியம நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரை மணி பின்னிழுக்கப்பட்டது. 2006 ஏப்ரலிலேதான் பழைய நிலைக்கு மீண்டது. அக்காலத்தில் வன்னிப் பெருநிலத்தின் பல பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டன. ஜெயபுரத்திலிருந்து வவுனியாவுக்குச் செல்வோர், ஓமந்தையைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணி முன்னே திருப்ப வேண்டியிருந்தது. எட்டு மணிக்கு வருவதாக ஒருவர் சொன்னால், "பழைய நேரமா, புதிய நேரமா?" எனக் கேட்டறிதல் இன்றியமையாததாயிற்று. அவ்வினாவைக் கேட்க மறக்கும் ரோபோவுக்கு நேர்வது யாது என்பதையே நாம் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ரோபோ ஒன்றினுள் ஆள்கூற்றுத் தொகுதிகள் பல உள: கமராவுக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று. கமரா கண்ட பொருள் நிலத்தில் எங்குள்ளதென அறிய, ஒரு தொகுதியின் அளவுகளை மற்றொன்றுக்கு மாற்றல் வேண்டும். உயர்தரத்தில் கணிதம் பயில்வோர்க்கு இஃது அரிதன்று. ஆயின் ரோபோ அசைவதால் அம்மாற்றமும் கணந்தோறும் வேறுபடும். படம் பிடித்த கணமும் கணினி அதனை ஆராய்ந்து முடிக்கும் கணமும் ஒன்றல்ல. செக்கனுக்கு 1 ஆரையன் வீதம் திரும்பும் ரோபோ, 5 மீற்றர் தூரத்துப் பொருளை 0.1 செக்கன் பிந்திய மாற்றத்தைக் கொண்டு கணித்தால், அதனை அரை மீற்றர் விலக்கிக் குறிக்கும். கண்ணிவெடி தேடும் நிலத்தில் அரை மீற்றர் எத்தகையது என்பதை வன்னி மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

'ஆர்.ஓ.எஸ்.' எனும் ரோபோ மென்பொருளில் 'ரி.எஃப்.2' என்றொரு நூலகம் உண்டு. அது மாற்றங்களை நேரமுத்திரையுடன், வழக்கமாகக் கடந்த 10 செக்கன்களுக்குச் சேமித்து வைக்கும். பதிவான இரு கணங்களுக்கு இடைப்பட்ட நிலையையும் கணித்துத் தரும். இன்னும் வந்துசேராத கணத்தைக் கேட்டாலோ, எதிர்காலத்தை ஊகிக்க இயலாதென்று பிழைச்செய்தி விடுக்கும். இதனாற் சலிப்புற்ற மாணவர் சிலர், "கிடைப்பவற்றுட் பிந்தியதைத் தருக" என நிரலை மாற்றிவிடுவர். பிழைச்செய்தி மறையும், பிழை மறையாது. இதனையே நாம் பெருந்தவறெனக் கருதுகின்றோம்.

படத்தின் நேரமுத்திரையையே கொடுத்து அக்கணத்து மாற்றத்தைக் கேட்டு, அது வந்துசேரும்வரை சிறிது காத்திருக்குமாறு நிரலை எழுதுவதே முறை. காத்திருந்தும் பயனில்லையெனின், கணினிகளின் கடிகாரங்களை ஐயுறுக. ரோபோவில் இரு கணினிகள் இருப்பின் அவற்றை ஒரே நேரத்துக்கு இசைவித்தல் வேண்டும். உடலோடு அசையாது பூட்டிய கமராவுக்கு நிலையான மாற்றத்தை ஒருமுறை அறிவித்தாலே போதும். முன்பு பதிந்த தரவை மீள ஓட்டுகையில், எல்லா நிரல்களும் அப்பதிவின் நேரத்தையே கைக்கொள்ளல் வேண்டும். ஒன்று மட்டும் இன்றைய கடிகாரத்தைப் பார்த்தாலும் அதே பிழைச்செய்தி மீண்டும் தோன்றும்.