ஸ்ரீரங்கம் மரக்கட்டையில் ஏறிய விதம்

காட்டூரில் டீ குடிக்க உட்கார்ந்தால், போனில் எதையாவது காட்டிச் சந்தேகம் கேட்கும் தம்பி ஒருவர் உண்டு. இந்த முறை அவர் காட்டியது, ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876-இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் உள்ள ஸ்ரீரங்கம் கோயில் படம். புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது என்று போட்டிருக்கிறது. படமோ கோடு கோடாக இருக்கிறது. “போட்டோதான் இருந்துச்சே அண்ணே, அப்புறம் எதுக்கு இதைச் செதுக்கணும்?” என்றார்.

போட்டோ இருந்தது வாஸ்தவம். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-லேயே மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படம் எடுத்துவிட்டார். ஆனால் அந்தப் படங்களை எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க வழியில்லை. ஒவ்வொரு பிரதியையும் தனியாக எடுத்து, அட்டையில் ஒட்ட வேண்டும். செம்புத் தகட்டுப் படமும் உதவாது. தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும், ஈய எழுத்தில் மேட்டில் நிற்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் ஒன்றாக ஓடாது. மரக்கட்டையை மட்டும் எழுத்தின் உயரத்துக்கே அறுத்து, எழுத்தோடு சேர்த்துப் பூட்டிவிடலாம். டிரெடில் மெஷின் இருந்த காலத்தில், கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் பிளாக்கை எழுத்துக்கு மேலே வைத்து முடுக்குவார்களே, அதே ஏற்பாடுதான்.

கட்டை என்றால் எந்தக் கட்டையும் ஆகாது. பாக்ஸ் என்ற மரம். மெதுவாக வளர்வது, இரும்பு போல இறுகியது. அதைப் பலகையாக நெடுக்கே அறுக்காமல், தண்டைக் குறுக்கே வெட்டி, அந்த முகத்தை இழைத்துப் பளபளப்பாக்குவார்கள். நார் குறுக்கிடாததால் உளி எந்தப் பக்கமும் தடையில்லாமல் ஓடும். முகத்தில் வெள்ளை பூசி, படத்தை இடம் வலம் மாற்றி வரைவார்கள். கட்டையைத் தோல் மெத்தையின் மேல் வைத்து, வலது கையில் உளியை ஆடாமல் பிடித்து, இடது கையால் கட்டையைத் திருப்பிக்கொண்டே செதுக்குவார்கள். செதுக்கிய இடம் தாளில் வெள்ளை. விட்டுவைத்த இடம் கறுப்பு. ஒரு கறுப்புக் கோடு வேண்டுமானால் அதன் இரு பக்கமும் மரத்தை எடுக்க வேண்டும். கை தவறி ஒரு கீறல் விழுந்தால், அந்த இடத்தைத் துளைத்து மரச்செருகு அடித்து மறுபடி செதுக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிப்பவர் ஆர்லாண்டோ ஜூவிட் (1799–1869). அப்பா பள்ளி ஆசிரியர். ஊர்களைப் பற்றி நூல் எழுதியவர். அவருடைய புத்தகங்களுக்குப் படம் செதுக்கித்தான் மகன் தொழிலுக்குள் வந்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் குடியேறி, பார்க்கர் பதிப்பகத்தின் கட்டடக்கலைச் சொல்லகராதிக்குக் கட்டைகள் செய்தார். 1850-இல் வந்த பதிப்பில் 1,700 மரச்செதுக்குப் படங்கள். மற்றப் பட்டறைகளில் ஒருவர் வரைவார், இன்னொருவர் வெட்டுவார். ஜூவிட் தானே வரைந்து தானே வெட்டினார். பழைய தேவாலயத்து வளைவும் தூண்தலையும் எந்தக் காலத்தவை, கல்தச்சன் எந்த இடத்தில் நிழல் விழ வைத்தான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் விரல் அகலப் படத்தில்கூடக் கல்லின் விளிம்பு விளிம்பாகவே நிற்கிறது.

நம் கோபுரத்துக்கு வருவோம். ஒரு நிலையின் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே சாலை, பக்கங்களில் பஞ்சரம், மூலையில் கர்ணகூடு என்று சின்னச் சின்னச் சன்னதி வடிவங்கள், இடையிடையே சுதைப் பொம்மைகள். போட்டோவில் இதெல்லாம் சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கம். உளிக்குச் சாம்பல் கிடையாது; வெள்ளை, கறுப்பு இரண்டே. எதைக் கோடாக்குவது, எதை நிழலில் விடுவது என்று செதுக்குபவர் தீர்மானித்தாக வேண்டும். பஞ்சரம் இன்னதென்று தெரிந்தவர் அதன் வளைவைக் காப்பாற்றுவார். தெரியாதவர் கையில் அது வெறும் மேடு. லண்டனில் இந்த வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கோபுரத்தை நேரில் கண்டதில்லை. வெளியே பெரிய கோபுரம், உள்ளே போகப் போகச் சிறியது என்ற அமைப்பை ஃபெர்குசன் குறையாகவே பார்த்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் ஐரோப்பிய வாசகர் பலருக்கு அவர் எழுத்தும் இந்தக் கட்டைப் படங்களும்தான் ஸ்ரீரங்கம்.

இன்னொன்றும் கவனியுங்கள், தம்பி. தெற்கு ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரம். 236 அடி உயரத்தில் அதைக் கட்டி முடித்தது 1987-இல். ஆகவே அந்தக் காலப் படத்தில் கோபுரம் கட்டையாக இருந்தால், செதுக்கியவர் மேல் பழி போடக் கூடாது. அவர் உள்ளதைத்தான் செதுக்கினார்.

சென்னையிலும் இதைக் கற்பித்தார்கள். அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளியில் மரச்செதுக்கு ஒரு பாடம். 1880-களுக்குப் பிறகு போட்டோவையே புள்ளி புள்ளியாகத் தகட்டில் ஏற்றும் முறை பரவியதும் இந்தத் தொழில் படுத்துவிட்டது.

போனில் இந்தப் படத்தைப் பெரிதாக்கி வானத்தைப் பாருங்கள். பாக்ஸ் மரத்தின் தண்டு ஒல்லி. பெரிய படத்துக்குச் சிறு கட்டைகளை இணைத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்துப் பெரிய படங்களில் வானத்துக் கோடுகளை ஒரு மயிரிழை வெள்ளை நேராக வெட்டிச் சென்றால், அது கட்டைகளின் இணைப்பு.