செயலற்ற பன்னாட்டுப் பல்கலைக்கழக ஒப்பந்தங்கள்: மீளாய்வும் முடித்துவைத்தலும்

செயலற்ற பன்னாட்டுப் பல்கலைக்கழக ஒப்பந்தம் என்பது, வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த இரு உயர்கல்வி நிறுவனங்கள் கையெழுத்திட்டபின், குறிப்பிட்ட காலமாக மாணவர் பரிமாற்றம், ஆசிரியர் வருகை, கூட்டு ஆய்வு போன்ற எந்தப் பணியும் நடைபெறாமல் ஏட்டளவில் மட்டும் நிலைத்திருக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆகும். இத்தகைய ஒப்பந்தங்களைக் கணக்கெடுத்து, எவற்றைப் புதுப்பிப்பது, எவற்றைத் திருத்துவது, எவற்றை முடிப்பது எனத் தீர்மானிக்கும் நடைமுறை மீளாய்வு எனப்படுகிறது. இது அலுவலகக் கோப்புகளைச் சார்ந்த வேலையாகத் தோன்றினாலும், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களின் எதிர்காலத்தோடு நேரடித் தொடர்புடையது.

ஒப்பந்தங்கள் செயலற்றுப் போவதற்கான காரணங்கள்

பெரும்பாலான பன்னாட்டு ஒப்பந்தங்கள் ஒரு தனிமனிதரின் முயற்சியில் பிறக்கின்றன. வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஒரு பேராசிரியர், தம் பழைய ஆய்வுக்கூடத்துக்கும் தாம் பணிபுரியும் துறைக்கும் பாலம் அமைக்கிறார். அவர் ஓய்வு பெற்றாலோ வேறு நிறுவனத்துக்குச் சென்றாலோ பாலத்தின் ஒரு முனை அறுந்துவிடுகிறது. கோப்பு மட்டும் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும்.

இதைத் தவிர வேறு சில காரணங்களும் உண்டு.

- நிதி ஒதுக்கப்படாமை: பல ஒப்பந்தங்களில் பரிமாற்றம் நடைபெறும் என்று எழுதப்பட்டிருக்கும். விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் யார் ஏற்பது என்பது எழுதப்பட்டிராது.
- ஒருவழிப் போக்கு: இந்திய மாணவர்கள் வெளிநாடு செல்ல விரும்புவார்கள். அங்கிருந்து அதே எண்ணிக்கையில் மாணவர்கள் இங்கு வருவதில்லை. கட்டண விலக்கு சரிசமமான பரிமாற்றத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தால், திட்டம் விரைவில் நின்றுவிடும்.
- பாடத்திட்டப் பொருத்தமின்மை: பருவ அட்டவணையும் மதிப்பெண் அலகுகளும் ஒத்துவராதபோது, வெளிநாட்டில் படித்த பாடத்தை இங்கு ஏற்க முடிவதில்லை.
- விளம்பர நோக்கம்: ஒரு பிரமுகரின் வருகையின்போது புகைப்படத்துக்காகக் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களும் உள்ளன. இவற்றுக்குத் தொடக்கத்திலிருந்தே பொறுப்பாளர் எவரும் இருப்பதில்லை.

தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் விதி இடம்பெற்ற ஒப்பந்தங்கள், எவரும் கவனிக்காமலேயே பல ஆண்டுகள் சட்டப்படி உயிருடன் இருக்கின்றன.

இந்தியச் சூழல்

இந்தியாவில் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை பெருகியதற்குத் தரமதிப்பீட்டு முறையும் ஒரு காரணம். தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை, அதாவது நாக், நிறுவனங்களை மதிப்பிடும்போது கடந்த 5 ஆண்டுகளில் செயற்பாட்டில் இருந்த புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கேட்டது. இங்கு 'செயற்பாட்டில் இருந்த' என்ற சொல் முக்கியமானது. கையெழுத்து மட்டும் போதாது, ஒப்பந்தத்தின் கீழ் நடந்த பணிகளுக்குச் சான்றும் காட்ட வேண்டும். இதனால் எண்ணிக்கையைக் கூட்டும் ஆர்வமும், செயலற்றவற்றைக் களைய வேண்டிய தேவையும் ஒரே நேரத்தில் உருவாயின.

பட்டம் சார்ந்த கூட்டுத் திட்டங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டது. இதன்படி இரட்டையர் திட்டம், கூட்டுப் பட்டம், இரு பட்டம் ஆகிய மூன்று வகைகள் அனுமதிக்கப்படுகின்றன. நாக் மதிப்பீட்டில் குறைந்தது 3.01 புள்ளி பெற்ற நிறுவனம், தேசிய தரவரிசையின் பல்கலைக்கழகப் பிரிவில் முதல் 100 இடங்களுக்குள் வந்த நிறுவனம், மேன்மைமிகு நிறுவனம் ஆகியவை, உலகத் தரவரிசைகளில் முதல் 1000 இடங்களுக்குள் உள்ள வெளிநாட்டு நிறுவனங்களுடன் இத்திட்டங்களை நடத்தலாம். இரட்டையர் திட்டத்தில் மாணவர் அதிகபட்சம் 30 விழுக்காடு மதிப்பலகுகளை வெளிநாட்டில் பெறலாம். இணையவழி, தொலைநிலைக் கல்விக்கு இவ்விதிகள் பொருந்தா.

இத்தகைய விதிகள் வரும்போது, பழைய ஒப்பந்தங்களில் பல அவற்றுக்குப் பொருந்தாமல் போகின்றன. அவற்றைத் திருத்தாமல் வைத்திருப்பது, மாணவருக்குக் கிடைக்காத ஒன்றைக் கிடைக்கும் எனச் சொல்வதற்குச் சமமாகிவிடும்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விருதுநகர் மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழும், பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம், நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே பட்டம் வழங்குகிறது. இணைவுக் கல்லூரியில் படிப்பவருக்குப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகமே. எனவே ஓர் இணைவுக் கல்லூரி வெளிநாட்டு நிறுவனத்துடன் தனியாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம், பெரும்பாலும் சிறப்புரை, பயிலரங்கு, குறுகிய காலப் பயணம் ஆகியவற்றோடு நின்றுவிடும். சோழபுரம் போன்ற ஊரிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கும் அவர் பெற்றோருக்கும் இந்த வேறுபாடு கையேட்டைப் பார்த்தவுடன் புலப்படாது. அதில் அச்சாகியிருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சின்னம் மட்டுமே கண்ணில் படும்.

மீளாய்வு செய்யும் முறை

முதற்படி கணக்கெடுப்பு. ஒப்பந்தங்கள் துணைவேந்தர் அலுவலகம், பன்னாட்டு உறவுகள் அலுவலகம், தனித்தனித் துறைகள் எனப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். அனைத்தையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவந்து, கையெழுத்தான நாள், முடியும் நாள், புதுப்பிப்பு விதி, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

இரண்டாம் படி செயற்பாட்டுச் சான்று. கடந்த 3 முதல் 5 ஆண்டுகளில் சென்ற மாணவர், வந்த மாணவர், கூட்டாக வெளியான ஆய்வுக் கட்டுரை, கூட்டாகப் பெற்ற ஆய்வு நிதி, ஆசிரியர் வருகை ஆகியவை எண்ணப்படுகின்றன. கூட்டுக் கட்டுரை இருந்தாலும் அது ஒப்பந்தத்தால் விளைந்ததா, ஆய்வாளர்களின் தனிப்பட்ட நட்பால் விளைந்ததா என்றும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாமலேயே நன்கு நடக்கும் ஆய்வுக்கு ஒப்பந்தம் தேவையில்லை.

மூன்றாம் படி இரு தரப்பையும் கேட்டறிதல். எதிர்த்தரப்புக்குக் கடிதம் எழுதி, ஆர்வம் உள்ளதா, பொறுப்பாளர் யார் என வினவ வேண்டும். ஒரு துறையில் உறங்கும் ஒப்பந்தம் வேறொரு துறைக்குப் பயன்படக்கூடும் என்பதால், உள்ளேயும் கேட்பது அவசியம்.

நான்காம் படி முடிவெடுத்தல். ஒப்பந்தங்கள் வழக்கமாக நான்கு வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன: அப்படியே புதுப்பிக்கத்தக்கவை, நோக்கத்தைச் சுருக்கித் திருத்த வேண்டியவை, காலாவதியாக விடத்தக்கவை, முறைப்படி முடிக்க வேண்டியவை.

எண்ணிக்கை மட்டுமே அளவுகோலாகிவிடக் கூடாது. தமிழியல் போன்ற சிறிய துறைகளில் ஆண்டுக்கு ஒரு மாணவர் வருவதே பெரிய செயற்பாடு. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்ப் பிரிவு மூடப்படும் நிலை ஏற்பட்டபோது, அதைக் காக்கத் தமிழ்நாடு அரசு நிதியுதவி அறிவித்தது. மாணவர் தொகையை மட்டும் பார்த்திருந்தால் அதன் பெறுமதி தெரிந்திருக்காது.

முடித்துவைக்கும் முறை

ஒப்பந்தத்தை முடிப்பதற்கான வழி பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரு தரப்பு எழுத்து மூலம் 3 அல்லது 6 மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம் என்பது பரவலான விதி. ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டத்தின் நிறுவன ஒப்பந்த மாதிரி இதைவிடத் தெளிவானது. ஒருதலையாக விலகும் நிறுவனம் குறைந்தது ஒரு கல்வியாண்டு முன்னதாக அறிவிக்க வேண்டும் என அது கூறுகிறது. அடுத்த ஆண்டுக்காக ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்ட மாணவர் நடுவழியில் நிற்கக் கூடாது என்பதே இதன் பயன்.

முடிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- இடையில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் தொடங்கிய விதிகளின்படியே படிப்பை நிறைவு செய்ய ஏற்பாடு.
- கூட்டு ஆய்வின் தரவு, மாதிரிகள், காப்புரிமை ஆகியவற்றின் உரிமையாளர் யார் என்பதில் தெளிவு.
- நிலுவைத் தொகையும் வெளிநாட்டு நிதிக் கணக்கும் தீர்க்கப்படுதல்.
- இணையதளம், சேர்க்கைக் கையேடு, விளம்பரப் பலகை ஆகியவற்றிலிருந்து மறுதரப்பின் பெயரும் சின்னமும் நீக்கப்படுதல்.
- கையெழுத்திட்ட அதே நிலையிலுள்ள அதிகாரியே நன்றி கூறி முடிவுக் கடிதம் அனுப்புதல்.

கடைசிக் குறிப்பு மரியாதைக்காக மட்டுமன்று. காரணம் சொல்லாமல் கைவிடப்பட்ட உறவை மீண்டும் தொடங்குவது கடினம். நல்ல முறையில் முடித்த உறவுக்குத் திரும்பிச் செல்ல வழி இருக்கும்.

வரலாற்று எடுத்துக்காட்டுகள்

தொடக்கத்திலேயே முடிவு தீர்மானிக்கப்பட்ட உறவுக்குக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சான்று. 1962 முதல் 1972 வரை அமெரிக்காவின் 9 பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு அதன் உருவாக்கத்துக்கு உதவியது. காலம் முடிந்ததும் திட்டம் முடிந்தது. கழகம் தன் காலில் நின்றது.

உருமாறித் தொடர்ந்த உறவுக்குச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சான்று. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959 இல் தொடங்கப்பட்ட அக்கழகத்துக்கு ஜெர்மன் பேராசிரியர்களும் ஆய்வுக்கூடக் கருவிகளும் வந்தன. உதவி பெறும் நிலை முடிந்தபின், சமநிலைக் கூட்டாய்வாக உறவு மாறியது. 2010 இல் அங்கு அமைக்கப்பட்ட இந்திய-ஜெர்மன் வளங்குன்றா வளர்ச்சி மையம் அதன் விளைவுகளுள் ஒன்று.

தென்மாவட்டங்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மதுரையில் உள்ளது. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியோடு தொடர்புடைய ஓபர்லின் ஷான்சி அமைப்பு, 1908 இல் சீனாவின் ஷான்சி மாநிலக் கல்விப் பணிக்காகத் தொடங்கப்பட்டது. சீனப் புரட்சிக்குப் பின் 1950களின் தொடக்கத்தில் அந்த உறவு நின்றது. அமைப்பு கலைக்கப்படவில்லை. மதுரையின் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி ஆகியவற்றோடும் தைவானின் துங்காய் பல்கலைக்கழகத்தோடும் புதிய உறவை வளர்த்தது. சுமார் 30 ஆண்டுகள் கழித்துச் சீனாவின் கதவு திறந்தபோது, ஷான்சி வேளாண் பல்கலைக்கழகத்தோடு பழைய இடத்திலேயே உறவு புதுப்பிக்கப்பட்டது. செயலற்ற உறவுகள் அனைத்தும் இறந்தவை அல்ல என்பதை இது காட்டுகிறது. இங்கு உறவைத் தடுத்தது அரசியல் சூழல். ஆர்வம் குன்றவில்லை, தொடர்ந்து பொறுப்பேற்க ஓர் அமைப்பும் இருந்தது.

முடிவிலும் மாணவரைக் காத்த நிகழ்வுக்குச் சிங்கப்பூர் யேல்-என்யூஎஸ் கல்லூரியைக் கூறலாம். அது மூடப்படும் என 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு சேர்ந்தவர்கள் பட்டம் பெறும்வரை, அதாவது 2025 வரை, கல்லூரி நடத்தப்பட்டது. இருந்தும் அறிவிப்பு திடீரென வந்ததாக மாணவர்களும் பெற்றோரும் குறைகூறினர். உரிய காலம் கொடுப்பதோடு, முடிவெடுக்கும் முன் பாதிக்கப்படுவோரைக் கேட்பதும் தேவை என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

அரசியல் காரணமும் செயலின்மையும்

செயலின்மையால் முடிக்கப்படும் ஒப்பந்தத்தையும், அரசியல் அல்லது பாதுகாப்புக் காரணத்தால் நிறுத்தப்படும் ஒப்பந்தத்தையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். சீன நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்வதற்கு முன்னனுமதி பெற வேண்டுமென 2019 இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியது. 2020 ஆகஸ்டில் சீன மொழி மையங்களும், இந்திய-சீன நிறுவனங்களுக்கிடையிலான 54 ஒப்பந்தங்களும் மீளாய்வுக்கு எடுக்கப்படுவதாகச் செய்திகள் வெளியாயின. அப்பட்டியலில் கோவை பாரதியார் பல்கலைக்கழகமும் வேலூர் விஐடியும் இடம்பெற்றன. 2025 மே மாதம் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், துருக்கியின் இனோனு பல்கலைக்கழகத்துடன் அவ்வாண்டே செய்துகொண்ட ஒப்பந்தத்தை மறு அறிவிப்பு வரை நிறுத்திவைத்தது.

நிறுத்திவைத்தல் வேறு, முடித்தல் வேறு. நிறுத்திவைக்கப்பட்ட ஒப்பந்தம் சூழல் மாறினால் தொடரலாம். முடிக்கப்பட்ட ஒப்பந்தத்தைப் புதிதாகவே எழுத வேண்டும். ஒழுங்கான பதிவேடு வைத்திருக்கும் பல்கலைக்கழகமே இத்தகைய நெருக்கடியில் தன்னிடம் எத்தனை ஒப்பந்தங்கள் உள்ளன, அவற்றால் எத்தனை மாணவர் பாதிக்கப்படுவர் என்று உடனே சொல்ல முடியும்.

மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

அங்கீகாரமற்ற வெளிநாட்டுக் கூட்டில் கல்வித்தொழில்நுட்ப நிறுவனங்கள் வழங்கும் பட்டங்கள் செல்லாது என 2023 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு எச்சரித்தது. சேர்க்கையின்போது வெளிநாட்டு ஒப்பந்தம் காரணமாகக் காட்டப்பட்டால், மாணவரும் பெற்றோரும் பின்வருவனவற்றைக் கேட்டறியலாம்.

- ஒப்பந்தம் எப்போது கையெழுத்தானது, எப்போது முடிகிறது?
- கடந்த 3 ஆண்டுகளில் எத்தனை மாணவர் அதன் மூலம் சென்றுவந்தனர்?
- செலவை யார் ஏற்றனர்?
- அங்குப் படித்த பாடங்கள் இங்குப் பட்டத்தில் சேர்க்கப்பட்டனவா?
- இப்போதைய பொறுப்பாளர் யார்?
- மறுதரப்புப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் இந்த ஒப்பந்தம் குறிப்பிடப்பட்டுள்ளதா?

இக்கேள்விகளுக்கு விடை கூற இயலாத ஒப்பந்தம் ஏட்டுச் சுரைக்காயே. செயல்படும் 5 ஒப்பந்தங்களைக் கொண்ட கல்லூரி, உறங்கும் 50 ஒப்பந்தங்களைக் கொண்ட கல்லூரியைவிட மாணவருக்கு அதிகம் தரும். ஆண்டுதோறும் மீளாய்வு செய்து பட்டியலை வெளிப்படையாக வெளியிடும் நிறுவனத்தில், கையேட்டைப் பார்த்துச் சேரும் மாணவர் ஏமாறுவதற்கு இடமில்லை.