இன்வெர்ட்டரும் அலையின் வடிவமும்

மின்வெட்டு ஏற்பட்டு இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்கியதும் எங்கள் வீட்டு மின்விசிறியின் ஒலி மாறிவிடும். சுழற்சி நிற்காது, தாழ்ந்த உறுமல் ஒன்று சேர்ந்துகொள்ளும். பல ஆண்டுகள் அதை நான் பொருட்படுத்தியதில்லை. என் தாயாருக்கு ஆக்சிஜன் செறிவூட்டி தேவைப்பட்டபோதுதான் அதன் காரணத்தைத் தேட நேர்ந்தது.

நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் சீரான அலை. பேட்டரி தருவதோ ஒரே திசையில் பாயும் மின்சாரம். பழைய இன்வெர்ட்டர் அதை முன்னும் பின்னுமாகத் திருப்பி, மின்மாற்றி வழியாக உயர்த்தித் தருகிறது. கிடைப்பது சதுர அலை. அதில் 50 ஹெர்ட்ஸ் அலையுடன், அதன் மூன்றில் ஒரு பங்கு வலிமையில் 150 ஹெர்ட்ஸ், ஐந்தில் ஒரு பங்கு வலிமையில் 250 ஹெர்ட்ஸ் எனப் பல அலைகள் கலந்திருக்கும். அவை மோட்டாரைச் சுழற்றப் பயன்படுவதில்லை. வெப்பமாகவும் இரைச்சலாகவும் வீணாகின்றன. செறிவூட்டியில் காற்றை அழுத்துவதும் மோட்டார்தான்.

சைன் அலை இன்வெர்ட்டர் வேறு வகையில் செயல்படுகிறது. அதன் மின்னணு விசைகள் விநாடிக்கு 20 ஆயிரம் முறை திறந்து மூடுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மாற்றி மாற்றி அமைத்து, கம்பிச்சுருளும் மின்தேக்கியும் கொண்டு வடிகட்டினால் வளைவான அலை கிடைக்கும். எதையும் இணைக்காதபோது இது எளிது. ஆனால், கணினிகளும் தொலைக்காட்சிகளும் பெரும்பாலும் அலையின் உச்சியில் மட்டுமே மின்னோட்டத்தை உறிஞ்சுகின்றன. அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, உச்சி தட்டையாகிவிடுகிறது.

இதைத் திருத்துவதே டிஜிட்டல் கட்டுப்பாட்டின் பணி. உள்ளிருக்கும் சில்லு 50 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை மின்னழுத்தத்தை அளந்து, இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிட்டு முடிவெடுக்கிறது. ஓர் அலைக்குள் 400 முடிவுகள். எனினும், அளந்து கணக்கிட்டு முடிப்பதற்குள் அந்தக் கணம் கடந்துவிடுகிறது. பழைய செய்தியை நம்பி வேகமாகத் திருத்தினால் அலை தள்ளாடத் தொடங்கும். எனவே, மின்னோட்டத்தையும் சேர்த்து அளக்கிறார்கள். மின்னழுத்தம் சரிவதற்கு முன்பே மின்னோட்டம் மாறுதலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

என்னை வியக்கவைத்தது இன்னொரு உத்தி. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில், புரோட்டான் முடுக்கியின் காந்தங்களுக்கு மின்சாரம் வழங்கும் கருவியைத் துல்லியமாக இயக்குவதற்காக உருவானது அது. கணினியின் உறிஞ்சல் ஒவ்வொரு அலையிலும் ஒரே இடத்தில் நிகழ்வதால், சென்ற அலையின் 400 பிழைகளையும் சில்லு நினைவில் வைத்து, அடுத்த அலையில் முன்கூட்டியே திருத்துகிறது. அன்றாடம் அதே சாலையில் பேருந்து ஓட்டுபவர் பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுபோல. புதிதாக ஒரு கருவியை இணைத்தால் இந்த நினைவு உடனே உதவாது. சில அலைகள் கழிய வேண்டும். ஆகவே இரு உத்திகளும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

‘தூய சைன் அலை’ என்று பெட்டியில் அச்சிடுவதால் மட்டும் இவையெல்லாம் உள்ளே இருப்பதாகக் கொள்ள முடியாது. 10 கேவிஏ வரையிலான இன்வெர்ட்டர்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு முறைக்குள் வருகின்றன. ஆனால், அதற்கு அடிப்படையான ஐஎஸ் 16242-இன் முதல் பகுதி பாதுகாப்பைப் பற்றியது. அலையின் தரத்தைப் பற்றியதல்ல. கணினி போன்ற சுமையில் அலை எத்தனை விழுக்காடு சிதைகிறது என்பதையும் பெட்டியின்மீது அச்சிட வேண்டும் என்பேன். நான் கேட்ட கடைக்காரர் பேட்டரியின் உத்தரவாதத்தைத்தான் விளக்கினார். நான் தேடிய விவரம் ஒரு மாதிரியின் கையேட்டில், கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில் இருந்தது: சாதாரண சுமைக்கு ஓர் எண், கணினிச் சுமைக்கு அதைவிடப் பெரிய ஓர் எண். இரண்டையும் மறைக்காமல் சொன்ன அதையே வாங்கினேன்.