காதை அடைக்கும் இயர்போன்: டில்லியில் எது, எங்கே, எதற்கு?

சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஓல்டு ராஜேந்தர் நகர், கரோல் பாக், முகர்ஜி நகர் பக்கம்தான் அறை எடுக்கிறார்கள். ஒரே அறையில் மூன்று நான்கு பேர் இருந்தால் படிப்பு ஓடாது. அதனால் 'லைப்ரரி'க்குப் போகிறார்கள். பெயர்தான் லைப்ரரி, புத்தகம் இருக்காது. மாத வாடகைக்கு ஒரு மேஜை, இரண்டு பக்கமும் தடுப்புப் பலகை, தலைக்கு மேல் ஏ.சி., காலடியில் ஒரு பிளக் பாயிண்ட். பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியை இழுத்தாலோ, பின்னால் இருவர் கிசுகிசுத்தாலோ, படித்த பத்தியை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். அங்கே பலர் காதிலிருந்தும் ஒயர் தொங்கும். சிலருடைய ஒயரின் மறுமுனை எதிலும் செருகியிருக்காது. அவர்களுக்குப் பாட்டு வேண்டாம், காது அடைந்தால் போதும்.

இந்த ஊரில் இயர்போன் முதலில் சத்தத்தைத் தடுக்கும் கருவி, அப்புறம்தான் பாட்டுக் கருவி. வாங்கும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். "பேஸ் எப்படி, மைக் உண்டா, என்ன விலை" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாங்கி வருகிறோம். எந்த இடத்தில், எந்த நேரத்தில் மாட்டப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

புளூடூத் காலத்தில் ஒயர் எதற்கு என்று கேட்பவர்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு முறை வந்து பார்க்கலாம். சென்னை சென்ட்ரலிலிருந்து புதுடில்லிக்கு சுமார் 2,180 கிலோமீட்டர், ஏறத்தாழ 33 மணி நேரம். ஸ்லீப்பர் கோச்சில் சார்ஜர் முனைக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் புளூடூத் இயர்பட்ஸையும் நீட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஒயருக்கு சார்ஜ் வேண்டாம். மேல் பெர்த்திலிருந்து நழுவினாலும் போனோடு தொங்குமே தவிர, தண்டவாளத்துக்குப் போகாது. இன்னொன்றும் உண்டு. புளூடூத்தில் மைக்கை இயக்கியதும் பல போன்களிலும் லேப்டாப்புகளிலும் கேட்கும் ஒலியின் தரம் இறங்கிவிடும். ஒயரில் அந்தத் தொல்லை இல்லை. மாதிரி நேர்முகத் தேர்வுக்கு ஜூமில் உட்காரும் பிள்ளைகள் ஒயரை விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

காதை அடைக்கும் இயர்போனில் பேட்டரி வேலை எதுவும் இல்லை. காதுக் குழாயின் வாயை ரப்பரோ ஃபோமோ இறுக்கமாக மூடுகிறது, வெளிச்சத்தம் உள்ளே வர வழியில்லை, அவ்வளவுதான். இந்த வகைக்கு ஒரு முன்னோடி அமெரிக்காவில் பிறந்தது. காது கேட்கும் கருவிகளை ஆராய்ந்து வந்த மீட் கில்லியன் என்பவரின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-ல் இஆர்-4 என்ற இயர்போனைக் கொண்டுவந்தது. மூன்று அடுக்கு ரப்பர் முனை, காதுக்குள் ஆழமாகப் போகும். இசைக்கலைஞர்களும் விமானப் பயணிகளும் அதைத் தேடி வாங்கினார்கள். இன்று கரோல் பாக் கஃபார் மார்க்கெட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'இன்-இயர்' ரகமும் வேலை செய்வது அதே வழியில்தான்.

ரப்பர் முனை சரியாகப் பொருந்தினால் 20 டெசிபல் அளவுக்கும், நல்ல ஃபோம் முனை 30 டெசிபல் வரையிலும் வெளிச்சத்தத்தைக் குறைக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோலத் தோன்றும். இதன் பலன் மெட்ரோவில்தான் முழுதாகத் தெரியும். மஞ்சள் தடத்தில் ஜிடிபி நகர் முதல் சாகேத் வரை ரயில் பாதாளத்தில் ஓடுகிறது. சுரங்கச் சுவரில் மோதித் திரும்பும் இரைச்சல் 80 டெசிபலைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காதை அடைக்காத இயர்போனில் பாட்டு கேட்க வேண்டுமானால் அதற்கும் மேலே, 85, 90 என்று வால்யூமை ஏற்ற வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் அது 4 மணி நேரமாகிவிடுகிறது. 100 டெசிபலில் வாரம் முழுவதற்கும் வெறும் 20 நிமிடம்! தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி மெட்ரோவில் இருப்பவர் 90 டெசிபலில் கேட்டால் செவ்வாய்க்கிழமையே அந்த வாரத்துக் கணக்கு தீர்ந்துவிடும். காது அடைந்திருந்தால் அதே இரைச்சல் 60-ஐ ஒட்டி இறங்கிவிடும், 70-லேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். காதை அடைக்கும் இயர்போனுக்காக இத்தனை அழுத்திப் பேசுவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். அதை மாட்டிக்கொண்டும் வால்யூமைக் குறைக்காதவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இத்தனையும் ரப்பர் முனையின் பொருத்தத்தில் இருக்கிறது. குக்கரின் கேஸ்கட் சரியாக உட்காராவிட்டால் என்ன ஆகுமோ அதேதான் இங்கும். பெட்டிக்குள் சிறிது, நடு, பெரிது என்று மூன்று ஜோடி வரும். முக்கால்வாசிப் பேர் கம்பெனியில் மாட்டி அனுப்பிய நடு அளவையே கடைசிவரை போட்டுக்கொண்டு, "இதில் பேஸே இல்லை" என்று இயர்போனைக் குறை சொல்கிறார்கள். வலது காதுக்கும் இடது காதுக்கும் அளவு வேறுபடுவது சகஜம். ஒன்றுக்கு நடு, மற்றொன்றுக்குப் பெரியது என்று போடுவதில் தவறே இல்லை. மாட்டும்போது எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துக்கொண்டு செருகினால் குழாய் நேராகி முனை நன்றாக உட்காரும். ஃபோம் என்றால் விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும்.

பொருந்தியதா என்று பார்க்க நம்மிடம் அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. ஏதாவது ஒரு கச்சேரிப் பதிவில் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை ஓடவிடுங்கள். அடைப்பில் கசிவு இருந்தால் வலப்பக்க வலந்தலையின் 'நம்', 'தின்' கணீரென்று கேட்கும், இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் மட்டும் காணாமல் போயிருக்கும். கசிவு வழியாக முதலில் தப்பிப்பது கீழ்ஸ்தாயி ஒலிதான். முனையை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தொப்பி எந்த அளவில் நிறைந்து ஒலிக்கிறதோ, அதுதான் உங்கள் அளவு.

இனி இடத்துக்கு ஏற்றது எது என்று பார்ப்போம். மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ஃபோம் முனை, காதுக்கு மேலாகச் சுற்றி மாட்டும் ஒயர். ஒயர் நேராகத் தொங்கினால் சட்டையில் உரசும் ஒவ்வொரு உரசலும் 'கரகர'வென்று காதுக்குள் கேட்கும். மேலே சுற்றினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். குளிர்காலத்தில் மஃப்ளரும் கம்பளிக் குல்லாவும் சேரும்போது இது இன்னும் அவசியம். வாங்கும்போது இயர்போனின் உடம்பைத் திருப்பிப் பாருங்கள். பொட்டளவு துளைகள் இருக்கும். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் மூச்சு விடுவதற்கான வழி அது. துளை பெரிதாகவோ நிறையவோ இருந்தால் அந்த வழியாகவே வெளிச்சத்தமும் வரும்.

லைப்ரரிக்கு இதே ஃபோம் சரிப்படாது. எட்டு மணி நேரம் காதுக்குள் அழுத்திக்கொண்டு இருந்தால் வலிக்கும். அங்கே மென்மையான சிலிக்கான் முனை, எடையில்லாத உடம்பு, இவை போதும். ஏ.சி.யின் 'ஹூம்' சத்தம் கொஞ்சம் கேட்டாலும் பரவாயில்லை, பேச்சுச் சத்தம் குறைந்தால் சரி. பாடம் கேட்பவருக்கு பேஸ் அதிகமுள்ள இயர்போன் இடைஞ்சல், ஆசிரியரின் குரல் மந்தமாகிவிடும். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வகுப்பு கேட்கப் போகிறவர், கடையில் சினிமாப் பாட்டை விட்டுவிட்டு ஒரு செய்தி வாசிப்பைப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. மணிக்கொரு தடவை கழற்றிக் காதுக்குக் காற்று காட்டுங்கள். ஜூலை, ஆகஸ்டின் புழுக்கத்தில் வியர்வை ஈரத்தோடு நாள் முழுக்க மூடிக் கிடக்கும் காதில் பூஞ்சை தொற்றுவது சாதாரணம். ரப்பர் முனையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். "அண்ணா, ஒரு காது குடுங்களேன்" என்று தம்பி கேட்டால், ஆளுக்கொரு காது பாட்டு கேட்பது பாசம்தான். ஆனால் முனையை மாற்றாமல் கொடுக்காதீர்கள்.

போனில் பேசுவதற்கு மட்டும் காதை முழுதாக அடைக்கும் ரகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். காது அடைந்தால் நம் குரல் நமக்கே குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கும். நேர்முகத் தேர்வுப் பயிற்சியில் சிலர் தங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காதின் வாயில் மட்டும் நிற்கும், முனையில்லாத பழைய ரக இயர்போன் இதற்குப் போதும். அல்லது ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்.

இரவுத் தூக்கம் வேறு விஷயம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. முகூர்த்த மாதங்களில் டோல் மேளம் அடித்துக்கொண்டு போகும் 'பாராத்' என்ற மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த விதி எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்பது தெரியும். அதற்காக இயர்போனோடு தூங்காதீர்கள். ஒயர் கழுத்தில் சுற்றும், புரண்டு படுத்தால் காது நோகும். மருந்துக்கடையில் ஃபோம் காதடைப்பான் கிடைக்கும். இயர்போனைவிட மலிவு, சத்தத்தையும் கூடுதலாகத் தடுக்கும்.

சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இயர்போன் கூடவே கூடாது. டில்லி சந்துகளில் பேட்டரி ரிக்‌ஷா கிட்டத்தட்ட சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அதன் ஹார்ன் ஒன்றுதான் எச்சரிக்கை, அதையும் அடைத்துவிட்டால் நமக்கு வேறு துணை இல்லை. மெட்ரோ படியேறி வெளியே வந்ததும் கழற்றிப் பாக்கெட்டில் போடுங்கள்.

எங்கே வாங்குவது? செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட், கன்னாட் பிளேஸின் பாலிகா பஜார், நேரு பிளேஸ் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. பெரிய பிராண்டின் பெயர் போட்டு நூறு இருநூறுக்குக் கூவி விற்றால் அது 'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற போலி. அந்தப் பெயருக்காக வாங்க வேண்டாம். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் சீனத் தயாரிப்பு இன்-இயர்களில் இன்று நல்ல ஒலியும் நல்ல அடைப்பும் கிடைக்கின்றன. ஒயரைத் தனியே கழற்றி மாற்றும் வசதி உள்ளதாகப் பாருங்கள், முதலில் பழுதாவது ஒயர்தான். போனில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இல்லாவிட்டால் டைப்-சி இயர்போனை உங்கள் போனிலேயே செருகிக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். சில டைப்-சி இயர்போன்களுக்குள் ஒலியை மாற்றித்தரும் சிப் இருக்காது, அவை எல்லாப் போனிலும் பாடாது. இயர்போனின் விலையில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது நல்ல முனைகள் ஒரு செட் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இயர்போனைக் கழற்றிய பிறகும் காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் நீடித்து, மறுநாளும் அடங்கவில்லை என்றால் புது இயர்போன் தேடிக் கடைக்குப் போகாதீர்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள்.