பட்டாசும் நம் பிள்ளைகளும்



பட்டாசைப் பற்றி நம் மடலில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். பெருநாள் பிறை தெரிந்த இரவில் நம் தெருக்களில் சற்று நின்று பாருங்கள், கேள்வி எழாது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா நம் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பெட்டி வாங்கி வைப்பதும் இங்கே புதிதல்ல. கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சரவெடியோடு வந்து நிற்கிறார்கள்.

காசைக் கரியாக்குவது வீண் விரயம் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆலிம்களும் அதைச் சொல்லி வருகிறார்கள். ஆனால் "கூடாது" என்று ஒரு வார்த்தை சொன்னதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக நினைக்கிறோமே, அங்கேதான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள்.

சென்ற ஆண்டு பதினோரு வயதுப் பையன் ஒருவன், வீட்டில் ஏசுவார்களே என்று பயந்து மொட்டை மாடியில் தனியாக வெடித்திருக்கிறான். திரி பாதியில் அணைந்த வெடியைக் கையில் எடுத்து ஊதியபோது அது வெடித்துவிட்டது. கையைத் துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டு படுத்துவிட்டான். சுப்ஹுக்கு எழுப்பப் போன உம்மாதான் கண்டார். பதற்றத்தில் பற்பசையை அப்பிவிட்டார்கள். மருத்துவமனையில் அதைத் துடைத்தெடுத்தபோது பிள்ளை அலறியதை, உடன் போன நாங்கள் இன்னும் மறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், விரல்கள் தப்பின. ஆனால் ஓர் இரவு முழுவதும் அவன் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தது நம் அதட்டலுக்குப் பயந்துதான்.

ஆகவே வாங்காதீர்கள் என்பது எங்கள் முதல் வேண்டுகோள். எப்படியும் வீட்டுக்கு வந்துவிட்டால், வாப்பாவோ மாமாவோ பெரியவர் ஒருவர் கடைசிவரை பக்கத்தில் நிற்க வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது நிற்பதாகாது.

சின்னப் பிள்ளைக்குக் கம்பி மத்தாப்புதானே என்று கையில் கொடுத்துவிடுகிறோம். அதன் நுனியில் வெப்பம் சுமார் 1000 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில்தான். எரிந்து முடிந்த பின்னும் கம்பி வெகுநேரம் சுடும். இருட்டில் வெறுங்காலோடு மிதிக்கிற பிள்ளைகள் அநேகம். ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து, முடிந்த கம்பிகளை உடனே அதில் போடச் சொல்லுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும். பெருநாளுக்கு எடுத்த பளபளப்பான நைலான் உடை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சட்டையை மாட்டிவிட்டு, துப்பட்டாவை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

புஸ்வாணத்தையும் வெடியையும் குனிந்து பற்றவைக்கக் கூடாது. நீளமான ஊதுபத்தியைக் கை நீட்டிப் பிடித்து, முகத்தை ஒதுக்கிக்கொண்டு பற்றவைத்து விலகிவிட வேண்டும். கொட்டாங்குச்சியையும் டப்பாவையும் கவிழ்த்து உள்ளே வெடி வைக்கும் விளையாட்டு இன்னும் நம் சந்துகளில் நடக்கிறது. சிதறும் துண்டு கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணில் அடிபட்டால் தேய்க்காதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். அழுத்தம் படாமல் மூடி உடனே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தோல் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இருபது நிமிடம் நீளமாகத்தான் தோன்றும். பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டே காட்டுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஐஸ், பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள். காயம் பெரிதென்றால் 108.

இனி அண்டை வீட்டார் விஷயம். அவர்களின் உரிமையை மதரஸாவில் ஓதிய நாமே நள்ளிரவில் வெடித்து அவர்களை எழுப்பலாமா? கைக்குழந்தையும், மூச்சுத்திணறல் உள்ள பெரியவரும் இல்லாத தெரு ஏது? தீபாவளியன்று தமிழக அரசு அனுமதிப்பதே காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என இரண்டு மணி நேரம்தான். மருத்துவமனை, பள்ளிக்கூடம், வழிபாட்டுத் தலங்களின் அருகே வெடிக்க வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை விதித்துவிட்டது. கல்யாண வீட்டார் இதைக் கவனிக்கவும். நிக்காஹ் மேடையில் போலீசாருக்குப் பதில் சொல்லும் நிலை வேண்டாம்.

வீட்டில் பூனை இருந்தால் முன்கூட்டியே உள்ளறையில் விட்டு ஜன்னலைச் சாத்துங்கள். பூனைக்குட்டியின் பெயராலேயே அழைக்கப்பட்ட சஹாபி அபூஹுரைரா (ரலி) அவர்களைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டவும் அது நல்ல தருணம்.

வெடிக்காமல் போனதை அன்றிரவு யாரும் தொடக் கூடாது. சிறிது நேரம் விட்டு, தள்ளி நின்றே தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுங்கள். விடிந்ததும் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவார்கள். மிஞ்சியது குப்பைத் தொட்டிக்குப் போனால் அள்ள வருகிற துப்புரவுப் பணியாளரின் கையில் சிக்கும். ஊறிய பிறகு தனிப் பையில் கட்டி, அவரிடம் சொல்லிக் கொடுங்கள்.